கறுப்பு எதைக் குறிக்கிறது?

கல்லுக்கும் எழுத்துக்கும் நிறம் ஒன்றே. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளைப் படம் எடுக்கப் போகிறவர் முதலில் சந்திக்கும் சிக்கல் இதுதான். தாளில் எழுதியது என்றால் மை கறுப்பு, தாள் வெள்ளை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கேமராவுக்கு எளிய வேலை. கருங்கல்லில் உளி வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. அது ஒரு பள்ளம். பள்ளத்தின் ஒரு கரை வெயிலை மறிப்பதால் உள்ளே நிழல் விழுகிறது. எழுத்து என்று நம் கண் படிப்பது அந்த நிழலைத்தான்.

நிழலோ பொழுதுக்குப் பொழுது இடம் மாறும். கோயில் கிழக்கு பார்த்தது. காலை வெயில் தென்புறச் சுவரைக் கிழக்கிலிருந்து மேற்காக உரசிக்கொண்டு போகிறது. அப்போது செங்குத்தாக இறங்கும் கோடுகளில் நிழல் அழுத்தமாக விழும். படுக்கையாக ஓடும் கோடுகளுக்குள் வெளிச்சம் நீளவாக்கில் புகுந்துவிடுவதால் அவை கல்லோடு கல்லாகக் கரைந்துபோகும். 'ப' என்ற எழுத்தின் அடிக்கோடு காணாமல் போய், இரண்டு தனிக் குச்சிகள் மிஞ்சும். நடுப்பகலில் நிலைமை தலைகீழ். தஞ்சை ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால் உச்சி வெயில் சுவரை மேலிருந்து கீழாக உரசுகிறது. அடிக்கோடுகள் துலங்கும், குச்சிகள் மங்கும். வடபுறச் சுவருக்கு இந்த உச்சி வெயில்கூட ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரைதான் கிடைக்கும். மற்ற மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்.

ஆக, ஒரே எழுத்துக்கு இரண்டு படங்கள். ஒன்றில் இருக்கும் கோடு மற்றதில் இல்லை. இவற்றில் ஒரு படத்தைக் கணினியில் ஏற்றி, சாம்பல் நிறமே இல்லாத ஒற்றை பிட் பிட்மேப்பாக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளைக் கணினியே படிக்கவும், அச்சில் கோட்டுப்படமாகப் போடவும் அப்படி மாற்றுவது வழக்கம். ஒவ்வொரு பிக்சலும் கறுப்பு அல்லது வெள்ளை; இடைப்பட்ட பதில் கிடையாது. மாற்றும் மென்பொருள் நொடியில் வேலையை முடித்துவிடும். அதில் எது எழுத்து, எது நிழல், எது எண்ணெய்ப் பிசுக்கு என்ற கேள்விக்கு மட்டும் விடை இருக்காது.

இந்தச் சிக்கலின் வேரைப் பிடிக்க, கோயிலை விட்டுச் சற்றுத் தள்ளி, பழைய வீடியோ கேம் ஒன்றுக்குள் போய்வருவது நல்லது. அங்கே இதே சிக்கல் சிறிய அளவில், கைக்கு அடக்கமாகக் கிடைக்கிறது.

1993 இல் வெளிவந்த டூம் விளையாட்டில் தரைக்கும் கூரைக்கும் ஒட்டப்பட்ட படத்துண்டுகளை டெக்ஸ்ச்சர் என்பார்கள். ஒவ்வொன்றும் 64 பிக்சல் அகலம், 64 பிக்சல் உயரம். மொத்தம் 4096 பிக்சல். பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் 4096 பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எண் எழுதலாம். அந்த எண் நிறத்தின் அளவைச் சொல்வதில்லை. 256 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலில் எத்தனையாவது நிறம் என்பதை மட்டும் சொல்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் முதலில் வழுக்குவார்கள். 200 ஆம் எண் 100 ஆம் எண்ணைவிட வெளிச்சமானது என்று எண்ணி 128 இல் வெட்டிவிட்டால், வருவது படமே அல்ல, வெறும் சிதறல். முதலில் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய சிவப்பு, பச்சை, நீல அளவுகளை எடுக்க வேண்டும். பிறகு அவற்றைச் சேர்த்து ஒரே வெளிச்ச அளவாக்க வேண்டும். நம் கண் பச்சைக்கு அதிகமாகவும் நீலத்துக்கு மிகக் குறைவாகவும் இசைவதால், சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587 பங்கு, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுவது தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் வழக்கம்.

1998 இல் வந்த ஹாஃப்-லைஃப் விளையாட்டில் கம்பிவலை, ஏணி போன்றவற்றுக்கு இடையே பின்புறம் தெரிய வேண்டும். அதற்காகப் பட்டியலின் 255 ஆம் எண்ணை 'இங்கே எதுவும் இல்லை' என்பதற்கு ஒதுக்கினார்கள்; வழக்கமாக அந்த இடத்தில் கொழுத்த நீலம் இருக்கும். மேலே சொன்ன கணக்கில் முழு நீலத்தின் வெளிச்சம் 255 இல் 29 தான். கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்க வழக்கமாக வைக்கும் வரம்பு எண் எதுவானாலும் அது கறுப்பாகிவிடும். கம்பிவலை, திறப்பே இல்லாத கறுப்புச் சுவராக மாறும். வெற்றிடம் பொருளாகிவிட்டது. கணக்கில் பிழை எதுவும் இல்லை; கறுப்பு எதைக் குறிக்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கோப்பின் அமைப்பிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் பிட்மேப்பில் முதலில் 14 பைட் கோப்புத் தலைப்பு, அடுத்து 40 பைட் படத் தலைப்பு, அடுத்து இரண்டு நிறங்களுக்கான 8 பைட் பட்டியல். ஆக 62 பைட். 4096 பிக்சலை எட்டெட்டாகக் கட்டினால் 512 பைட். டூம் தரைத்துண்டு முழுவதும் 574 பைட்டில் அடங்கிவிடும். வரிசைகள் கீழிருந்து மேலாக எழுதப்படும்; ஒவ்வொரு வரிசையும் நான்கு பைட்டின் மடங்காக நிரப்பப்படும். 0 என்ற பிட் கறுப்பா வெள்ளையா என்பதை அந்த 8 பைட் பட்டியல் முடிவுசெய்கிறது. பட்டியலைப் படிக்காமல் 0 என்றால் கறுப்பு என்று தானாக எடுத்துக்கொள்ளும் நிரல்கள் உண்டு. அவற்றில் சில படங்கள் நேர்மாறாகத் திறக்கும்: பின்புலம் எழுத்தாகவும் எழுத்து பின்புலமாகவும்.

இவையெல்லாம் கவனித்தால் சரிசெய்யக்கூடியவை. கடினமானது அடுத்தது. அன்றைய கணினிகளுக்கு ஒவ்வொரு செங்கல்லின் மேடுபள்ளத்தையும் கணக்கிட்டு நிழல் போட வலு இல்லை. அதனால் ஓவியர்கள் நிழலைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிட்டார்கள். செங்கல்லின் மேல்விளிம்பில் ஒரு வெளிறிய கோடு, கீழ்விளிம்பில் ஓர் இருண்ட கோடு. நடுவில் பாசிக்கறை, துரு, இரத்தம். விளையாடுகிறவர் கண்ணுக்கு அது புடைத்து நிற்கும். ஒற்றை பிட்டாக மாற்றும்போது கீழ்விளிம்பு நிழலும் பாசிக்கறையும் ஒரே கறுப்பாகிவிடுகின்றன. ஒன்று பள்ளம், மற்றது வெறும் நிறம்.

1978 இல் ஜிம் பிளின் என்ற கணினி வரைகலை அறிஞர் மேடுபள்ளத்தைக் காட்ட ஒரு வழி சொன்னார். பரப்பின் உயரத்தைச் சாம்பல் நிறப் படமாகத் தனியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து வெளிச்சம் எப்படி விழும் என்று கணக்கிடலாம். வரைகலைத் துறைக்கு அது பெரிய திறப்பு. பின்னாளில் பழைய விளையாட்டுகளைப் புதுப்பிக்க முனைந்தவர்கள் குறுக்குவழி ஒன்றைப் பிடித்தார்கள்: கையில் இருக்கும் பழைய டெக்ஸ்ச்சரையே கறுப்பு வெள்ளையாக்கி, இருண்ட இடம் பள்ளம், வெளிச்சமான இடம் மேடு என்று வைத்துக்கொள்வது. விளைவு விநோதமாக இருக்கும். சுவரின் வெள்ளைச் சுண்ணாம்புத் தெறிப்பு கட்டியாகத் துருத்தும். கறுப்பு எழுத்துப் பலகையில் எழுத்துகள் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இருளும் ஆழமும் வெவ்வேறு செய்திகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

கம்பிவலையையும் செங்கல்லையும் விட்டு இப்போது தஞ்சைக்குத் திரும்பலாம். கல்வெட்டைப் படி எடுக்கிறவர்கள் இந்தக் குழப்பத்தில் ஒருபோதும் சிக்கியதில்லை. அவர்கள் வெளிச்சத்தையே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

படி எடுக்கும் முறை இது. முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, எழுத்துக்குள் இருக்கும் மண்ணையும் பிசுக்கையும் தூரிகையால் வழித்தெடுப்பார்கள். நனைத்த தாளைக் கல்லின்மேல் பரப்பி, மயிர் அடர்ந்த தூரிகையால் அடித்துக்கொண்டே வருவார்கள். ஈரத்தாள் மெல்ல மெல்ல எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். அதிகம் அடித்தால் தாள் கிழியும். குறைவாக அடித்தால் நுணுக்கமான கோடு பதியாது. தாள் அரைகுறையாகக் காயும் பதத்தில், விளக்குக் கரியும் பசையும் கலந்த மையில் ஒற்றிய பொதியால் மேலே தட்டுவார்கள். கல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தாள் மையை வாங்கிக் கறுக்கும். பள்ளத்துக்குள் இறங்கிய தாளை மைப்பொதி தொடாது. அது வெள்ளையாகவே நிற்கும். காய்ந்ததும் உரித்தெடுத்தால் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து.

இதுவும் ஒற்றை பிட் படம்தான். ஆனால் இதில் கறுப்பு என்றால் 'மைப்பொதி தொட்டது', வெள்ளை என்றால் 'தொடவில்லை'. கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. மைப்பொதி உயரத்தை அளக்கிறது. காலை மாலை வேறுபாடு இல்லை. ஆயிரம் ஆண்டு விளக்கெண்ணெய்க் கறையும் பறவை எச்சமும் படியில் ஏறுவதில்லை, அவற்றுக்கு ஆழம் இல்லாததால். 'ப' எழுத்தின் குச்சிகளும் அடிக்கோடும் ஒரே அழுத்தத்தில் விழுகின்றன.

இந்தப் படிகள் எவ்வளவு பெரிய வேலையைச் செய்தன என்பதைத் தஞ்சைக் கோயிலே சொல்லும். 1886 இல் சென்னை மாகாண அரசு ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியது. பெரிய கோயிலை எழுப்பியவர் யார் என்பதிலேயே அப்போது குழப்பம் இருந்தது. கல்வெட்டுகளைப் படித்து, முதலாம் இராசராசனே என்று உறுதிசெய்தவர் அவர். 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இக்கோயிலின் ஆவணங்கள் அச்சேறின. அரசன் கொடுத்தது, அவன் தமக்கை குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்பது இராசராசன் ஆணை. அந்த ஆவணங்களில் ஒன்று நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் சொல்லி, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று குறித்து, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று நிர்ணயிக்கிறது. அந்த நெல்லை ஆடவல்லான் என்ற மரக்காலால் அளக்க வேண்டும். நெல்லால் ஆன ஒரு நாட்டின் கணக்குப் புத்தகம் இந்தச் சுவர்கள். ஒரு கோடு தவறிப்போனால் ஒரு பெண்ணின் பெயர் மாறிவிடும், அல்லது ஓர் ஊரின் பெயர் மாறிவிடும். மைப்பொதியின் நேர்மை அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

படி குறையில்லாதது என்று சொல்லவில்லை. கல்லின் விரிசலும் ஆழம் உடையதுதான்; அதுவும் வெள்ளைக் கோடாக விழும். தேய்ந்துபோன எழுத்தின் ஆழம் தாளின் தடிமனைவிடக் குறைந்துவிட்டால் மை அதையும் மூடிவிடும். பல கோயில்களில் சுண்ணாம்பு எழுத்துக்குள் இறுகியிருக்கும். சுரண்டி எடுக்காமல் படி எடுத்தால் பள்ளமே இல்லை என்றுதான் தாள் சொல்லும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் ஆழத்தைப் பற்றியவை. படியைப் படிக்கிறவருக்கு எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று தெரியும்.

கல்லைவிடச் சிக்கலானது ஓலை. தஞ்சை அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி மகால் நூலகத்தில், இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகிய தொகுப்பு உட்பட, ஓலையும் தாளுமாக ஐம்பதாயிரத்தை ஒட்டிய சுவடிகள் இருக்கின்றன. 1981 இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை உண்டு. ஓலையில் எழுத்தாணி கீறியதும் பள்ளம்தான். கீறிய உடனே எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கரியைக் கோவையிலைச் சாறு போன்றவற்றோடு குழைத்துத் தடவித் துடைத்தால், பள்ளத்தில் கரி தங்கி எழுத்து தெரியும். இதை மையாடல் என்பார்கள். ஆழத்தை நிறமாக மாற்றும் வேலை இது. படி எடுப்பதற்கு நேர் எதிரான திசையில். படியில் எழுத்து வெள்ளை, ஓலையில் எழுத்து கறுப்பு.

மையாடிய ஓலையைப் படம் எடுத்து ஒற்றை பிட்டாக்குவது எளிது என்றுதான் தோன்றும். ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979 இல் வெளியிட்ட முறையை எடுத்துக்கொள்வோம். 256 வெளிச்ச அளவுகளையும் ஒவ்வொன்றாக வரம்பு எண்ணாக வைத்துப் பார்த்து, எந்த எண்ணில் வெட்டினால் இருண்ட கூட்டமும் வெளிச்சக் கூட்டமும் ஒன்றிலிருந்து ஒன்று மிக விலகி நிற்கின்றனவோ அதைத் தேர்ந்தெடுக்கும். வெள்ளைத் தாளில் அச்சடித்த புத்தகத்துக்கு இது அருமையாக வேலை செய்யும். ஓலையில் தோற்றுவிடும். ஓலையின் நடுப்பகுதி வைக்கோல் நிறம். ஓரங்கள் கைபட்டுக் கைபட்டுப் பழுப்பேறியவை. கயிறு கோத்த துளையைச் சுற்றி ஒரு கருவட்டம். ஓரத்து வெற்றோலை, நடுவில் மங்கிய எழுத்தைவிட இருண்டிருக்கும். முழு ஓலைக்கும் ஒரே வரம்பு எண் வைத்தால் ஓரம் முழுவதும் கறுப்பாகும், அல்லது நடுவில் எழுத்து மறையும்.

டெல்டா விவசாயிக்கு இதன் தீர்வைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வட்டம் முழுவதற்கும் ஒரே தண்ணீர் மட்டம் வைத்தால் மேட்டு நிலம் காயும், பள்ள நிலம் மூழ்கும். அதனால்தான் வயலுக்கு வயல் வரப்பு போட்டு, அதனதன் மட்டத்தில் தண்ணீர் நிறுத்துகிறோம். பின்லாந்தைச் சேர்ந்த சவோலாவும் பியெட்டிகெய்னனும் 2000 இல் வெளியிட்ட முறை இதைத்தான் பிக்சலுக்குச் செய்கிறது. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஒரு சிறு சதுரத்தை எடுத்து, அதன் சராசரி வெளிச்சத்தையும், வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற சிதறலையும் கணக்கிடும். சதுரத்தின் சராசரி 150, சிதறல் 5 என்றால் அது வெற்றோலை. வழக்கமான அமைப்பில் வரம்பு ஏறத்தாழ 121 க்கு இறங்கிவிடும், நாரின் மெல்லிய கோடுகள் கறுப்பாகாது. அதே சராசரியில் சிதறல் 50 என்றால் அங்கே எழுத்து இருக்கிறது. வரம்பு 132 க்கு ஏறி, மங்கிய கீறலையும் பிடிக்கும்.

சதுரத்தின் அளவை யார் சொல்வது? எழுத்துக் கோட்டின் தடிமனைவிடப் பல மடங்கு பெரிதாகவும், ஓலையின் கறை மாறும் தூரத்தைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். சதுரம் பெரிதாகப் பெரிதாகக் கணக்கும் கூடும். 51க்கு 51 சதுரம் என்றால் பிக்சல் ஒன்றுக்கு 2601 எண்களைக் கூட்ட வேண்டும். இங்கே உதவிக்கு வந்தது டெக்ஸ்ச்சர் உலகம். 1984 இல் ஃபிராங்க்ளின் குரோ, தொலைவில் தெரியும் டெக்ஸ்ச்சர் நெளியாமல் இருக்க ஒரு கூட்டுத்தொகை அட்டவணையை உருவாக்கினார். படத்தின் மேல் இடது மூலையிலிருந்து ஒவ்வொரு பிக்சல் வரையிலான கூட்டுத்தொகையை ஒரே ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டால், எந்தச் செவ்வகத்தின் கூட்டுத்தொகையையும் நான்கு எண்களைக் கூட்டிக் கழித்துப் பெற்றுவிடலாம். செவ்வகம் எவ்வளவு பெரிதானாலும் நான்கே எண்கள். சிதறலுக்கு, வர்க்கங்களின் அட்டவணை இன்னொன்று. 2008 இல் இதைச் சவோலா முறையோடு பொருத்திக் காட்டினார்கள். வரைகலைப் படத்துக்காகப் பிறந்த ஒரு தந்திரம் பழஞ்சுவடிக்குப் பயன்படுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

புள்ளியின் கதைக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் கவலைப்படும் இடம் இது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். சோழர் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இல்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்கு ஏடு தந்தது இத்தகைய வரிகளைத்தான். எது மெய், எது உயிர்மெய் என்பதை யாப்பையும் பொருளையும் வைத்து அவர் முடிவுசெய்தார்.

ஓலையில் புள்ளி இல்லை. ஆனால் பூச்சித்துளை உண்டு. ஒற்றை பிட் படத்தில் பூச்சித்துளை கச்சிதமான ஒரு கறுப்புப் புள்ளி. அது ஓர் எழுத்தின் தலைக்கு மேலே விழுந்தால், படிக்கும் கணினி அதை மெய்யெழுத்து என்று எடுத்துக்கொள்ளும். ஓலையின் நார் ஓடும் திசையும் வரியின் திசையும் ஒன்று. ஒரு நார்க்கீற்று எழுத்தின் அடியில் ஒட்டினால் இல்லாத அடிக்கோடு முளைக்கும். இதற்கு மருந்தாக, இத்தனை பிக்சலுக்குக் குறைவான கறுப்புத் திட்டுகளை எல்லாம் அழித்துவிடு என்று ஒரு கட்டளை பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கும். ரோமன் எழுத்தில் பெரிய சேதம் இல்லை. அதே கட்டளையைத் தமிழ் அச்சுப் புத்தகத்தின்மேல் ஏவினால் புள்ளிகள் அனைத்தும் துடைத்துப் போய்விடும். 'கல்' என்பது 'கல' ஆகும். 'நெல்' 'நெல' ஆகும். பக்கம் பளிச்சென்று இருப்பதால் யாருக்கும் ஐயம் வராது. ஓலைக்குத் தேவையான துப்புரவு அச்சுக்கு நஞ்சு. இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்து மொத்தமாக ஓட்டுகிற வழக்கம் நிற்க வேண்டும்.

ஒற்றை பிட்டில் சாம்பல் நிறத்தின் சாயலைக் காட்டவும் ஒரு வழி உண்டு: புள்ளிகளை அடர்த்தியாகவும் அரிதாகவும் தூவுவது. ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்கும் 1976 இல் சொன்ன முறையில், ஒரு பிக்சலை வலுக்கட்டாயமாகக் கறுப்பு அல்லது வெள்ளையாக்கும்போது வரும் பிழையை, பதினாறில் ஏழு, மூன்று, ஐந்து, ஒரு பங்குகளாக அண்டைப் பிக்சல்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். பழைய டெக்ஸ்ச்சர்களுக்கு இது மிக அழகாகப் பொருந்தும். 2018 இல் வந்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்ற விளையாட்டு முழுக்க முழுக்க இரண்டே நிறத்தில் புள்ளி தூவி வரையப்பட்டது. எழுத்துக்கு மட்டும் இந்த வழி ஆகாது. தூவிய புள்ளிகளில் எது மெய்யின் புள்ளி என்று எவராலும் சொல்ல முடியாது.

இடச் சிக்கனத்துக்காகத்தான் ஒரு காலத்தில் ஒற்றை பிட்டை நாடினார்கள். ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் வருடினால் ஏறத்தாழ 87 லட்சம் பிக்சல். சாம்பல் நிறத்தில் 8.7 மெகாபைட், ஒற்றை பிட்டில் 1.09 மெகாபைட், தொலைநகலுக்காக வகுத்த சுருக்க முறையில் அது இன்னும் பல மடங்கு சுருங்கும். குறுந்தட்டில் சேமித்த காலத்தில் இது பெரிய வேறுபாடு. இன்று அந்தக் காரணம் செல்லாது. ஒற்றை பிட் படம் என்பது ஒருவர் படித்துச் சொன்ன முடிவு. மூலத்தின் நகலாக அதைக் கொள்ள முடியாது. வரம்பு எண் ஒருமுறை வெட்டிய சாம்பலை மீட்க வழியே இல்லை. சுவடியையோ படியையோ வண்ணத்தில், குறைந்தது சாம்பல் நிறத்தில், முழுதாக வைத்துக்கொண்டு, ஒற்றை பிட் கோப்பை அதிலிருந்து வேண்டும்போதெல்லாம் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த முறை, எந்தச் சதுர அளவு, எத்தனை பிக்சலுக்குக் கீழே அழித்தது என்ற விவரமும் கோப்போடு கூடவே இருக்க வேண்டும்.

கல்லுக்கான விடையும் கடைசியில் டெக்ஸ்ச்சர் ஆய்விலிருந்தே வந்தது. ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் அவர் கூட்டாளிகளும் 2001 இல், வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் டெக்ஸ்ச்சர்களை உருவாக்க முயன்றார்கள். கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் வெவ்வேறு திசைகளில் வைத்து ஐம்பது படம்வரை எடுப்பார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும், விளக்கின் திசை மாற மாற அதன் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பதை ஆறு எண்களில் அடக்குவார்கள். அந்த ஆறு எண்களிலிருந்து அந்தப் புள்ளியில் பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கறை எந்தத் திசை வெளிச்சத்திலும் கறையாகவே இருக்கும். பள்ளத்தின் கரை மட்டும் விளக்கோடு சேர்ந்து மினுங்கி மங்கும். இருளும் ஆழமும் பிரிந்துவிட்டன. மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளைப் படிக்க இது உடனே கைகொடுத்தது. தேய்ந்த கல்வெட்டுக்கும், மையாடாத ஓலைக்கும் இதே முறை பொருந்தும்.

இதை முப்பரிமாண வருடலோடு சேர்த்தால், சுவரின் பொதுவான வளைவைக் கழித்துவிட்டு, மேற்பரப்பிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் கீழே இருப்பது வெள்ளை, மற்றது கறுப்பு என்று ஒரு வரம்பு வைக்கலாம். கிடைக்கும் பிட்மேப் மைப்பொதி தட்டிய தாளைப் போலவே இருக்கும். கறுப்பு மீண்டும் உயரத்தைக் குறிக்கிறது. தாள் கிழியாது, கல்லின்மேல் ஈரம் படாது. ஆழ வரம்பைக் கூட்டிக் குறைத்துத் தேய்ந்த எழுத்தையும் விரிசலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதற்காகப் பழைய படிகளை ஒதுக்கிவிடக் கூடாது. உதகமண்டலத்திலும் பிறகு மைசூரிலும் பல பத்தாண்டுகள் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2021 இல் உத்தரவிட்டது. திருப்பணியில் இடித்துக் கட்டியும், மணலைப் பீய்ச்சித் தேய்த்தும் எழுத்தை இழந்த சுவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு இன்று படியே சான்று. அந்தப் படிகளைக் கணினிமயமாக்கும்போது தட்டையாக வைத்து வருடியில் போட்டு, கறுப்பு வெள்ளையாக முடித்துவிடுவது போதாது. படித்தாளில் மை மட்டுமல்ல, ஈரத்தில் அடித்து இறக்கிய புடைப்பும் இருக்கிறது. முன்பக்கத்தில் குழியாகவும் பின்பக்கத்தில் மேடாகவும் எழுத்து தாளிலேயே நிற்கும். மை மூடிய மெல்லிய எழுத்துகூட அந்தப் புடைப்பில் தப்பியிருக்கலாம். கட்டுக்கட்டாக அடுக்கி வைத்த கனத்தில் அது ஆண்டுக்கு ஆண்டு அமுங்கிக்கொண்டு வருகிறது. கிரேக்கக் கல்வெட்டுத் தாள்படிகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் பக்கவாட்டு வெளிச்சத்திலும் முப்பரிமாணத்திலும் பதிவுசெய்து வருகிறார்கள். நம் படிகளுக்கும் இரண்டு பக்கமும், நான்கு திசை வெளிச்சத்திலும், சாம்பல் நிறத்தை வெட்டாமல் பதிவு வேண்டும். தாள் இன்னும் தட்டையாவதற்குள்.